ரிங்கிட்ட ரூபாயா மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க

மலேசிய ரிங்கிட்டுக்கும் இந்திய ரூபாய்க்கும் நேரடியா யாரோ ஒரு ரேட் முடிவு பண்றாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, நடுவுல டாலர் இருக்கு. 2022ல சர்வதேச தீர்வு வங்கி (பல நாட்டு மத்திய வங்கிகளுக்கான வங்கி) எடுத்த கணக்குல, உலகத்துல நடக்கிற கரன்சி வியாபாரத்துல 88 சதவீதத்துக்கு ஒரு பக்கம் டாலர்தான். அதனால ரெண்டு ரேட் தெரிஞ்சா போதும்.

ஒரு டாலர் 84 ரூபாய், அதே டாலர் 4.20 ரிங்கிட்னு வெச்சுக்கோங்க (கணக்கு புரியணும்னு போட்ட நம்பர், இன்னைக்கு ரேட்ட நீங்க பாத்துக்கணும்). 84ஐ 4.20ஆல வகுத்தா 20. ஒரு ரிங்கிட் 20 ரூபா. திருப்பிப் பாக்க 1ஐ 20ஆல வகுங்க, 0.05, ஒரு ரூபாய்க்கு அஞ்சு சென் (100 சென் ஒரு ரிங்கிட்). பெருக்கணுமா வகுக்கணுமான்னு குழம்பினா, ரிங்கிட்லேருந்து ரூபாய்க்கு வந்தா நம்பர் பெருசாகணும், அத மட்டும் பாத்தா போதும்.

இப்போ ரூபா மட்டும் சரிஞ்சு டாலர் 86.10க்கு போகுதுன்னா ஒரு ரிங்கிட் 20.50 ரூபா ஆயிடும், டாலருக்கு எதிரா ரிங்கிட் அசையவே இல்ல பாருங்க. 1998 செப்டம்பர்லேருந்து 2005 ஜூலை வரைக்கும் மலேசியா ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட்னு கட்டியே வெச்சிருந்துச்சு, அந்த வருஷங்கள்ல இந்த ரேட் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் ரூபாதான்.

முக்கியமான விஷயம் இனிமேதான். கூகுள்ல தெரியிறது நடு ரேட், அதாவது வாங்குற ரேட்டுக்கும் விக்கிற ரேட்டுக்கும் நடுவுல இருக்கிறது, கவுன்டர்ல அது கெடைக்காது. போர்டுல வாங்குற ரேட், விக்கிற ரேட்னு ரெண்டு இருக்கும், ரெண்டும் கடைக்காரர் பக்கத்துலேருந்து எழுதினது, நீங்க ரிங்கிட் குடுத்தா அவர் வாங்குறாரு, அதனால வாங்குற ரேட்தான் உங்களுக்கு. நடு ரேட் 20 இருக்கும்போது 19.50 குடுத்தா 1000 ரிங்கிட்டுக்கு 19,500தான் கைக்கு வரும், 500 ரூபா போயிடுது, அதாவது 2.5 சதவீதம். "கமிஷன் இல்ல"ன்னு போட்டிருந்தாலும் அந்த 500 ரேட்டுக்குள்ளயே இருக்கு. மாசாமாசம் 1000 ரிங்கிட் வீட்டுக்கு அனுப்புறவங்களுக்கு இது வருஷத்துக்கு 6000 ரூபா, ஓவர்டைம் பாத்து சம்பாதிச்ச காசு, விட்டுடாதீங்க. ரேட்ட மட்டும் கேக்காம "1000 ரிங்கிட் குடுத்தா எல்லாம் போக கைக்கு எவ்ளோ வரும்"னு ரெண்டு மூணு எடத்துல கேளுங்க, அந்த ஒரு நம்பர வெச்சு ஒப்பிடுங்க.

சனி ஞாயிறு மார்க்கெட் மூடியிருக்கும், திங்கக்கெழம எப்படி திறக்கும்னு தெரியாததால சில எடத்துல ரேட்ட இன்னும் கொறச்சே போடுவாங்க, அவசரம் இல்லன்னா வார நாள்ல மாத்துங்க.

வெளிநாட்டுல கார்டு தேய்க்கும்போது "உங்க ஊர் கரன்சில கட்டலாமா"ன்னு மெஷின் கேட்டா வேண்டாம்னுடுங்க, அந்த ஊர் கரன்சியவே அமுக்குங்க, இல்லன்னா அந்தக் கடைப் பக்கம் வெக்கிற ரேட்தான், அது பெரும்பாலும் மோசமாத்தான் இருக்கும். அப்புறம் ஜப்பான் யென்ன நெறைய போர்டுல 100 யென்னுக்குன்னு போட்டிருப்பாங்க, ஒரு யென்னுக்குன்னு நினைச்சுடாதீங்க.