குழந்தைகளோடு புறநகருக்குக் குடிபோக இடம் தேர்வது எப்படி?

பெருநகரத்தின் விளிம்பில் இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை அறை, வெளிச்சம் வருமா, பால்கனி எந்தப் பக்கம் என்று பார்ப்பதிலேயே முதல் மாதம் போய்விடும். ஆனால் வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலையை யாராலும் நகர்த்த முடியாது.

நகர விளிம்பில் முதலில் வீடுகள் வந்துவிடுகின்றன. தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, பேருந்து, பள்ளி எல்லாம் ஆண்டுக்கணக்கில் தாமதித்துத்தான் வரும். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் உங்கள் குழந்தை வளரப்போகிறது. அதனால் இன்று அங்கே நிஜமாக இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். அதையும் மிக மோசமான நேரத்தில் போய்ப் பாருங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒரு வரைபடம், ஒரு நோட்டு, கைப்பேசி, ஐந்தாறு வாரப் பொறுமை இருந்தால் போதும்.

படி 1: கிலோமீட்டரை மறந்து நிமிடத்தில் கணக்கிடுங்கள்

‘நகரத்திலிருந்து 40 நிமிடம்’ என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ரயில் ஓடும் நேரம் மட்டும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசை வரை எழுதிப் பாருங்கள். நிலையத்துக்கு நடை 12 நிமிடம், காத்திருப்பு 10, ரயில் 40, வண்டி மாற 8, இறங்கி நடக்க 10. மொத்தம் 80 நிமிடம், சரியாக இரு மடங்கு.

காத்திருப்பைக் குறிக்கும்போது, 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வேகத்தைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதுதான் முக்கியம். 20 நிமிடத்துக்கு ஒன்று வரும் தடத்தில் ஒரு வண்டி ரத்தானாலே அன்றைய காலை கெட்டுவிடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பயணம் 45 நிமிடம் என்றால், புது இடத்தில் ஒரு வழிக்கு 35 நிமிடம் கூடுகிறது. போகவர, மாதம் 22 வேலைநாள் என்று பெருக்கினால் 1,540 நிமிடம். மாதத்துக்கு 25 மணி நேரத்துக்கும் மேல் குழந்தையிடமிருந்து போகிறது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்கி வந்திருக்கிறார்கள் என்றார். அதைவிட அதிகமாகத் தாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீட்டில் போகவர இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

சாலைப் பயணத்துக்கு, வரைபடச் செயலியில் கிளம்பும் நேரத்தை வேலைநாள் காலை நெரிசலுக்கு மாற்றிப் பாருங்கள். ‘35 முதல் 60 நிமிடம்’ என்று காட்டினால் 60ஐ எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முறையாவது நேரில் பயணம் செய்யுங்கள், அதுவும் வாரத்தின் நடுநாளில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு.

இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. வேலை முடிவது 5:30, குழந்தைகள் காப்பகம் மூடுவது 6:30, பயணம் 80 நிமிடம் என்றால் தினமும் 20 நிமிடம் தாமதம். பெற்றோரில் ஒருவராவது பள்ளியிலிருந்து 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பகல் 11 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வரும் நாளில் இதன் அருமை தெரியும்.

இந்த வடிகட்டலுக்குப் பிறகு மூன்று அல்லது நான்கு பகுதிகள்தான் மிஞ்ச வேண்டும். பத்து மிஞ்சினால் உங்கள் வரம்பு தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

படி 2: நிலத்தின் பழைய முகத்தைப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். நகர விளிம்பில் மேட்டு நிலம் முதலில் தீர்ந்துபோகும். கடைசியில் விற்பனைக்கு வருவது பல இடங்களில் தாழ்வான நிலம், பழைய நீர்வழி, மண்ணடித்துத் தூர்த்த குளம்.

கணினியில் கூகுள் எர்த் திறந்து, பழைய படங்களைக் காட்டும் வசதியில் 15, 20 ஆண்டுகள் பின்னால் போங்கள். மழைக்காலத்தில் எடுத்த படமாகத் தேடுங்கள். இன்று வீடுகள் நிற்கும் இடத்தில் அன்று நீர் தேங்கிய கருந்திட்டு இருந்ததா, ஓடை எந்தப் பக்கம் ஓடியது, இப்போது அந்த ஓடை எங்கே போயிற்று என்று பாருங்கள். நிலத்தின் உயரத்தையும் அது காட்டும். ஆனால் அதில் சில மீட்டர் பிழை இருக்கலாம் என்பதால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பிறகு நேரில் போங்கள். பழைய வீடுகளின் வெளிச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை இருக்கிறதா? புது வீடுகள் மட்டும் நான்கைந்து படி உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றனவா? சாலை வீட்டு வாசலைவிட உயரமாக இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. புதிதாக உயர்த்திப் போட்ட புறவழிச்சாலை ஓர் அணையைப் போல் நீரை இந்தப் பக்கமே நிறுத்திவிடும். சாலைக்கு அடியில் நீர் கடக்கும் குழாய் இருக்கிறதா, அதில் குப்பை அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பலத்த மழை பெய்து 24 மணி நேரம் கழித்துப் போவது மிகச் சிறந்த சோதனை. மழையின்போது எங்கும்தான் நீர் நிற்கும். மறுநாளும் நின்றால் அதற்குப் போக வழியில்லை.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லைத் தரகர்கள் தைரியமூட்டச் சொல்வார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். வீட்டுக்கடனை அடைக்கும் 30 ஆண்டுகளில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம், ஏறக்குறைய நாலில் ஒன்று.

படி 3: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது

மூன்று வீடுகளில் விசாரியுங்கள். தண்ணீர் குழாயில் வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, லாரியிலா? கோடையின் கடைசி மாதத்தில் எப்படி? நல்ல மழை பெய்த மாதத்தில் எல்லாரும் ‘பிரச்சினை இல்லை’ என்றுதான் சொல்வார்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் ஆய்வகச் சோதனை அவசியம். கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி எதையும் அது தனியாகச் சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு ஒரு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம். பாதாளச் சாக்கடை இல்லாத பகுதியில் செப்டிக் டேங்க்கும் கிணறும் நெருக்கமாக இருந்தால் நைட்ரேட் ஏறும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும், காய்ச்சினாலும் போகாது. கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, நீரைப் பிடித்ததும் குளிர்ச்சியாக வைத்து, அதே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டிலிருந்த பாட்டிலில் பிடித்தால் முடிவை நம்ப முடியாது.

கழிவுநீருக்கு, சாலையோர மூடிகளைப் பார்ப்பதோடு நிற்காமல் இணைப்பு இயங்குகிறதா என்று கேளுங்கள். குழாய் பதித்திருப்பார்கள், சுத்திகரிப்பு நிலையம் இன்னும் வந்திருக்காது.

படி 4: குழந்தையின் கண் உயரத்தில் நடந்து பாருங்கள்

அமெரிக்கத் திட்ட வல்லுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் ‘குடியிருப்பு அலகு’ என்ற யோசனையை வெளியிட்டார். தொடக்கப்பள்ளி நடுவில், வீடுகள் அதிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டருக்குள், பெரிய சாலைகள் ஓரமாக. பள்ளிக்குப் போகும் குழந்தை பெரிய சாலையைக் கடக்கவே கூடாது என்பதுதான் அதன் மையம். அந்த அளவுகோல் இன்றைக்கும் செல்லும்.

நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து பள்ளி, பூங்கா, மருந்துக்கடை ஆகிய மூன்றுக்கும் நடந்தே போங்கள். குழந்தை இருந்தால் கூட்டிப் போங்கள், தள்ளுவண்டி இருந்தால் இன்னும் நல்லது. நடைபாதை எங்கே முடிகிறது, தள்ளுவண்டியை எத்தனை முறை சாலையில் இறக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். வரைபடத்தில் நேர்கோட்டில் 300 மீட்டர் இருக்கும் பள்ளிக்கு, முட்டுச்சந்துகளும் சுற்றுச்சுவர்களும் தடுப்பதால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டி வரலாம். நடைதூரம் நேர்கோட்டைவிட மிக அதிகமாகப் போனால் குடும்பங்கள் பெரும்பாலும் நடக்காது, வண்டியைத்தான் எடுக்கும்.

கடக்க வேண்டிய சாலையில் வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்பதையும் பாருங்கள். ஓட்டுநர் பார்த்து பிரேக் மிதிக்க ஒரு நொடி என்று வைத்தால், உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நிற்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 28 மீட்டர். பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தைக்கு அந்த 15 மீட்டர்தான் எல்லாம்.

படி 5: பள்ளியில் இடம் இருக்கிறதா?

நல்ல பள்ளி பக்கத்தில் இருப்பது வேறு, உங்கள் குழந்தையின் வகுப்பில் இடம் இருப்பது வேறு. பள்ளிக்கே போய் அந்த வகுப்பில் இப்போது எத்தனை பேர், காத்திருப்போர் எத்தனை என்று கேளுங்கள். முகவரி எல்லைப்படி சேர்க்கை நடக்கும் ஊரானால் எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லையோரத் தெருவாக இருந்தால் அடுத்த மாற்றத்தில் வெளியே போகலாம்.

புதுப் புறநகர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் ஒரே வயதுக் குடும்பங்கள் குடியேறுவதால் பிள்ளைகளும் ஒரே வயதில் இருப்பார்கள். இன்று தொடக்கப்பள்ளி நிரம்பி வழிந்தால், ஆறேழு ஆண்டுகளில் அதே அலை உயர்நிலைப் பள்ளியை மோதும். ஆகவே உயர்நிலைப் பள்ளியையும் இப்போதே பாருங்கள்.

படி 6: இரவில் போங்கள்

இரவு 11 மணிக்கு, 24 மணி நேர அவசர சிகிச்சையும் குழந்தை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வழியில் ரயில்வே கேட் இருந்தால் அது எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்று விசாரியுங்கள். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்ப முடியுமா என்றும் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு, அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நோயைக் கண்டுகொள்வது, வண்டி பிடிப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் அதற்குள்தான்.

அதே இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். சாலைச் சத்தம் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட பரிந்துரை. கைப்பேசிச் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் மூன்று பகுதிகளை ஒரே கைப்பேசியில் அளந்து ஒப்பிட அது போதும். விடியற்காலை 5 மணிக்கு இன்னொரு முறை அளந்தால் சரக்கு லாரிகள் எந்தச் சாலையில் போகின்றன என்று தெரிந்துவிடும். குப்பைக் கிடங்கோ தொழிற்சாலையோ சில கிலோமீட்டருக்குள் இருந்தால், காற்று அசையாத இரவிலும் அதிகாலையிலும்தான் நாற்றம் தெரியும். பகலில் போனவருக்குத் தெரியாது.

கடைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மக்கள் வந்தால் கடைகள் தானாக வந்துவிடும்.

படி 7: வாக்குறுதிகளைத் தனித்தாளில் எழுதுங்கள்

மெட்ரோ வரும், பூங்கா வரும், மேம்பாலம் வரும் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் நேரே அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்: அறிவிப்பு, நிதி ஒதுக்கீடு, நிலம் கையகப்படுத்தல், ஒப்பந்தம், கட்டுமானம், இயக்கம். கடைசி நிலையில் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். வாக்குறுதியை எடுத்துவிட்டால் தேறாத இடத்தை இப்போதே விட்டுவிடுங்கள். எதிரே காலி மனை இருந்தால் அது எந்த வகைப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று உள்ளாட்சி அலுவலகத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பாருங்கள். இன்றைய பசுமை நாளைய கிடங்காக இருக்கலாம்.

படி 8: மதிப்பெண் போடாமல் கழித்துக்கொண்டே வாருங்கள்

பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணைகள் இந்த வேலைக்கு உதவாது. வெள்ளத்துக்கு 2, பூங்காவுக்கு 10 என்றால் சராசரி 6 வரும். பூங்கா எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் வரும் நீரை நிறுத்தாது. வெள்ளம், குடிநீர், பயண நேரம், பள்ளியில் இடம் ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் அந்தப் பகுதியை நீக்குங்கள். மற்றவற்றை மிஞ்சிய பகுதிகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒன்றோ இரண்டோ மிஞ்சிய பிறகு, வாங்குவதற்கு முன் அங்கேயே சில மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த மாதங்களில் மழைக்காலமும் பள்ளி நடக்கும் நாட்களும் கொஞ்சமாவது வர வேண்டும். முழுக் குடும்பமும் போக முடியாவிட்டால் ஒரு வாரமாவது தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கிருந்தே வேலைக்கும் பள்ளிக்கும் போய் வாருங்கள். தினமும் வீடு திரும்பிய நேரத்தையும், அப்போது குழந்தை விழித்திருந்ததா தூங்கிவிட்டதா என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.