ஆற்றுக்குக் காசு கொடுக்கும் வேலைக்கு வருகிறீர்களா?

இப்படி ஒரு வேலை கொழும்பில் இருப்பதே பலருக்குத் தெரியாது. வசதியான குடும்பமோ கம்பனியோ நல்ல காரியங்களுக்கென்று ஒரு நிதியம் வைத்திருக்கும். அதில் ஒரு பங்கு ஆறுகளைச் சீராக்கப் போகும். கரையில் மரம் வைக்க, மீன் மேலேற வழி திறக்க, ஓடையில் விழும் கழிவைத் திருப்ப என்று ஊர்ச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கேட்டு எழுதுவார்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன ஆச்சு என்று பார்ப்பதுதான் நம் வேலை. கொள்ளுப்பிட்டியில் ஏசி அறையில் இருந்தே செய்துவிடலாம் போலத் தோன்றும். செய்யலாம்தான். காசு போகும், ஆறு அப்படியே இருக்கும்.

புதிதாகச் சேர்பவர்கள் எல்லா ஆறுகளைப் பற்றியும் அறிக்கை அறிக்கையாகப் படிக்கத் தொடங்குவார்கள். வேண்டாம். ஒரே ஓர் ஆற்றைத் தலையிலிருந்து வால் வரை படியுங்கள். நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அதனால் எனக்குக் களனி. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையில் இருந்து இறங்கி, காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தேங்கி, மின்நிலையங்களைச் சுற்றி வந்து, ஒன்றாகி, மொத்தம் 145 கிலோமீட்டர் ஓடி மட்டக்குளியில் கடலில் விழுகிறது. வழியில் அம்பத்தலையில் எடுக்கும் தண்ணீர்தான் கொழும்பு நகரக் குழாய்களில் வருவதில் பெரும்பகுதி.

மேலே தேயிலையும் மரக்கறித் தோட்டமும் ஓடை விளிம்பு வரை வந்துவிட்டதால் மண் கரைகிறது. லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கழிவறைத் தண்ணீர் நேரே ஓடையில் விழுகிறது. நடுவில் மணல் அள்ளுகிறார்கள். கீழே தொழிற்சாலைக் கழிவும் கரையை அடைத்த வீடுகளும். இவை தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. மணல் அள்ளி அள்ளி ஆற்றடி தாழ்ந்ததால்தான் வரட்சிக் காலத்தில் கடலுப்பு அம்பத்தலை வரை ஏறி வந்தது, ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கித் தடுக்க வேண்டி வந்தது. இதை ஒரு தடவை விளங்கிக்கொண்டால், "எங்கள் ஊர் எல்லைக்குள் 500 மீட்டர் கரையை மட்டும் அழகாக்கப் போகிறோம்" என்று வரும் விண்ணப்பத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்: மேலே இருந்து என்ன வருகிறது?

சரி, விண்ணப்பம். நான் முதலில் புரட்டுவது பாதீட்டுப் பக்கத்தை. நோக்கம், பின்னணி எல்லாம் எழுதத் தெரிந்த யாரும் எழுதலாம். காசு எங்கே போகிறது என்பதில்தான் மனசு தெரியும். கன்று வாங்க, குழி வெட்ட, தொடக்க விழா, பதாகை, டீஷர்ட், வீடியோ என்று முதல் நாலு மாதத்தில் முழுப் பணமும் தீர்ந்துபோனால் அது ஆற்றுத் திட்டம் இல்லை, விழாத் திட்டம். நட்டபின் இரண்டு மூன்று வருடம் கினிப்புல்லும் கொடியும் வெட்ட, மாடு வராமல் வேலி பார்க்க, செத்த இடத்தில் மறுபடி நட, எண்ணிப் பார்க்க யாருக்குச் சம்பளம்? என் கணக்கில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்காவது இதற்கு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கன்றின் எண்ணிக்கையைக் குறைத்து இதைக் கூட்டச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 37,000-க்கும் மேற்பட்ட ஆற்றுச் சீரமைப்புத் திட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து 2005-ல் வந்த ஆய்வில், பிறகு என்ன நடந்தது என்று பார்த்ததற்கான அடையாளம் இருந்தது பத்தில் ஒன்றில்தான்.

அடுத்து நடும் தேதி. ஜூன் 5 சுற்றாடல் தினம் என்பதால் எல்லோருக்கும் அன்றுதான் நட வேண்டும். களனிக் கரையில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். நீர்விளிம்பில் வைத்த கன்று வேர் பிடிக்கும் முன்னே வெள்ளத்தோடு போய்விடும். மன்னார்ப் பக்கம் அருவியாற்றங்கரை என்றால் நேரெதிர்: ஜூனில் மண் வெடித்துக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்குத்தான் நட வேண்டும். ஆக ஒரே தேதி ஓரிடத்தில் கன்றை மூழ்கடிக்கும், இன்னோரிடத்தில் காய வைக்கும். விழாவை ஜூனில் வையுங்கள், நடுகையை ஊர்க்காரர் சொல்லும் மாதத்தில் வையுங்கள் என்று எழுத்திலேயே கேட்டுவிடுங்கள். மரத்தின் பெயரையும் பாருங்கள். எல்லா விண்ணப்பத்திலும் மருது இருக்கும், சிங்களத்தில் கும்புக். வேர் கரையைக் கவ்விப் பிடிக்கும் அருமையான மரம்தான், ஆனால் தாழ்நில மரம். மஸ்கெலியாக் குளிரில் ஆயிரம் மருது வைக்கிறேன் என்று ஒருவர் எழுதினால், இன்னொரு விண்ணப்பத்தில் இருந்து பிரதி பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம்.

இனி, பலர் தாண்டிப் போகும் இடம்: காணி. ஆற்றங்கரை ஒதுக்குப்பகுதி பெரும்பாலும் அரச காணி. மலையகத்தில் அதற்கு மேல் இன்னொரு சிக்கல். தோட்டக் காணி அரசுடையது, கம்பனிகள் கையில் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. 1992-ல் தொடங்கிய அந்தக் குத்தகைகள் 2045 வரை. லயத்தில் இருக்கும் சனங்களுக்கு ஓடைக்கரையில் ஓர் அடிகூடச் சொந்தம் இல்லை, ஆனால் நடுவதும் பார்ப்பதும் அவர்கள்தான். ஆகவே தோட்ட முகாமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் விடாதீர்கள். வாய்ச்சொல் போதாது. துரை மாறினால் கதையும் மாறும். பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே தெரிவித்த கடிதமும் கோப்பில் இருக்கட்டும். மணல், கரை வெட்டு சம்பந்தப்பட்டால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி பற்றியும் கேளுங்கள். இந்தக் கடிதங்களுக்கே சில சமயம் ஆறு மாதம் போகும், ஆகவே அந்த அலைச்சலுக்கும் காசு ஒதுக்குங்கள். ஐரோப்பாவில் பழைய தடுப்பணைகளை அகற்றவென்றே இயங்கும் ஓப்பன் ரிவர்ஸ் புரோகிராம், இடிக்கும் செலவுக்கு மட்டும் இல்லாமல் அதற்கு முந்திய ஆய்வு வேலைகளுக்கும் கொடுக்கிறது. நாமும் அப்படிச் சிறு தொகையை முதலில் கொடுத்து, கடிதங்கள் கைக்கு வந்தபின் பெரிய தொகையைப் பேசலாம்.

யாருக்குக் கொடுப்பது? தொண்டு அமைப்புகளுக்கான 1980-ன் 31-ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு, கணக்காய்வு செய்த அறிக்கை, இரண்டு கையொப்பத்தோடு இயங்கும் வங்கிக் கணக்கு எல்லாம் வழக்கமானவை, நிதிப்பிரிவு பார்த்துக்கொள்ளும். எனக்கு வேறொரு சோதனை உண்டு. ஊரில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று விசாரிப்பேன். மாதச் சந்தாவைக் கொப்பியில் எழுதி, செத்த வீட்டுக்கு அன்றைக்கே பணமும் கதிரையும் கொண்டுபோகிற ஆட்கள் அங்கே இருந்தால், அவர்களில் ஒருவராவது நம் திட்டக் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்பேன். ஆங்கிலத்தில் அழகாக எழுதும் கொழும்பு நிறுவனத்தைவிட அந்தக் கொப்பிக்காரரை நான் நம்புவேன். எழுதத் தெரியாதது அவர்கள் குறையும் இல்லை; விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பது நம் குறை. தமிழிலும் சிங்களத்திலும் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவில் சொன்னாலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். களனியின் தலைப்பகுதியில் ஓடைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுபவர்கள். படிவம் தடுத்தால் ஆற்றின் தலைப்பகுதி நம் பட்டியலிலேயே வராது.

களத்துக்குப் போகும்போது பெரிய ஜீப்பில், பத்து பேரோடு, கழுத்து மாலைக்குத் தயாராகப் போகாதீர்கள். முதல் தடவை பஸ்ஸில் போங்கள். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கையளவு கல் ஒன்றை மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான உடம்பும் பின்னால் மூன்று மெல்லிய வாலுமாக வெளிச்சத்துக்கு விலகி ஓடும் சின்னப் பூச்சி இருக்கிறதா? அது மேஃப்ளையின் இளம்பருவம், ஒட்சிசன் நன்றாக உள்ள தண்ணீரில்தான் நிறைய இருக்கும். மணல் துணுக்குகளை ஒட்டிக் குழாய் மாதிரிக் கட்டிய கூட்டுக்குள் ஒரு புழு இருந்தால் அதுவும் நல்ல செய்தி. கல்லெல்லாம் சேறு பூசி, சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் மேலே கழிவு விழுகிறது. அங்கே மரத்தை விடக் கழிவறைக் குழிதான் முதல் செலவு. இதே பார்வையை லயத்தின் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும், வேலை தொடங்கும் முன்னும் பின்னும் செய்து வைத்தால், பெரிய ஆய்வுகூடம் இல்லாமலே ஒப்பிட ஏதோ ஒன்று கையில் இருக்கும். ஒரு தடவை நான் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கொழுந்துக்குப் போன அக்கா ஒருவர் கேட்டார், "என்ன மிஸ், எதையோ தொலைச்சிட்டீங்களா?" அவரிடமிருந்துதான் எந்த மாதம் தண்ணீரில் மருந்து வாசம் வரும் என்று தெரிந்துகொண்டேன். எந்த அறிக்கையிலும் அது இல்லை.

காட்டுக்குள் இருக்கும் ஆறுதான் முக்கியம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடப் பக்கம், வயலும் ரப்பரும் சூழ்ந்த ஒரு சிற்றோடையில் பெத்தியா பந்துல என்றொரு சின்னஞ்சிறு மீன் இருக்கிறது. 1991-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அப்படியான ஓடைக்கு வரப்போரம் மருந்து அடிக்காமல் இருக்கச் சம்மதிக்கும் விவசாயிகள்தான் காவல். அவர்களோடு பேசிப் பேசிப் பழக ஓர் ஆளுக்கு மூன்று வருடச் சம்பளம் கொடுப்பது, போட்டோவில் வராவிட்டாலும், நல்ல செலவு.

இதைத்தான் நிதியத்தின் அறங்காவலர்களிடம் விற்பது கஷ்டம். அவர்கள் கேட்பது "எத்தனை மரம்?" என்ற ஓர் எண். எண் கொடுங்கள், ஆனால் எண்ணை மாற்றிக் கொடுங்கள்: இரண்டாம் வருட முடிவில் உயிரோடு நின்ற மரம் எத்தனை, வேலி போட்ட கரை எத்தனை மீட்டர், கழிவு திருப்பிய வீடு எத்தனை. கூட்டத்தில் மேசையில் உள்ள தண்ணீர்ப் போத்தலைக் காட்டி அம்பத்தலைக் கதையைச் சொல்வது எனக்கு இதுவரை கைகொடுத்திருக்கிறது.

கொடுப்பனவை மூன்றாகப் பிரிக்கிறேன். தொடங்க 40 வீதம். நட்ட முதல் வரட்சி கழிந்து எண்ணியபின் 30. மிச்சம் 30 இரண்டாம் வருடத்தில். மரம் எண்ணப் போகிறவர்களில் ஒருவர் சங்கத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். சாவு வீதத்தை மறைக்காமல் எழுதினால் பணம் நிற்காது என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள், இல்லாவிட்டால் எல்லா அறிக்கையிலும் 95 வீதம் பிழைத்திருக்கும்.

வெள்ளத்துக்கென்று பத்து வீதம் தனியே வையுங்கள். 2016 மே மாதம் கொலன்னாவையும் கடுவலையும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளம் வடிந்த வாரமே போய், எந்த உயரத்தில் வைத்த கன்று நின்றது, எது போனது என்று சங்கத்தாரோடு நடந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நடுகைக்கான வரைபடம் அதுதான். ஒதுக்கிய பத்து வீதத்தை அன்றே விடுவிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கும்படி, ஒப்பந்தம் எழுதும்போதே நிதிப்பிரிவிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள்.