19ஆம் நூற்றாண்டு அமெரிக்க முன்னோரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முன்னோரைத் தேடுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஓர் ஆவணம் சொல்லாததை அது சொல்வதாக எடுத்துக்கொள்வதால் நேர்பவை. அங்கு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துவருவதால், தேடலும் பெரும்பாலும் அந்த ஏடுகளில்தான் தொடங்குகிறது. ஆனால் 1840 வரையிலான ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுவாரியான வெறும் எண்ணிக்கைதான். அடிமைகளல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் 1850இல் எழுதத் தொடங்கினார்கள் என்றாலும், தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்ற பத்தி 1880இல்தான் சேர்ந்தது. ஆகவே 1860 ஏட்டில் ஒரே வீட்டில் ஒரே குடும்பப் பெயருடன் இருக்கும் பெண்ணையும் சிறுவனையும் மனைவி, மகன் என்று உடனே குறித்துக்கொள்ளக் கூடாது. அவர் கணவரை இழந்த அண்ணியாகவும், அச்சிறுவன் அவருடைய மகனாகவும் இருக்கலாம். உயில், சொத்துப் பங்கீடு, காப்பாளர் நியமனம் போன்ற கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்த பிறகே உறவைத் தீர்மானிக்க வேண்டும்.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழிவந்தோருக்கு இத்தேடல் மிகக் கடினமானது. 1850, 1860 ஆண்டுகளின் தனி அட்டவணைகளில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே அவர்களின் வயது, பால், நிறம் போன்ற விவரங்களே பெரும்பாலும் பதிவாயின. பெயர் எழுதும் மரியாதைகூட அவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாகக் கணக்கெடுப்பில் இடம்பெற்றது 1870இல்தான். அதற்கு முன் ஒன்றுமே கிடைக்காது என்று அங்கேயே நின்றுவிடுவது ஒரு தவறு. கடைசி உரிமையாளரின் குடும்பப் பெயரைத்தான் அவர்கள் சூட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணி ஒரே பெயரைத் துரத்துவது இன்னொரு தவறு, ஏனெனில் பலர் முந்தைய உரிமையாளரின் பெயரையோ தாமே விரும்பிய பெயரையோ வைத்துக்கொண்டார்கள். விடுதலை பெற்றோருக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளில், பெற்றோர், உடன்பிறந்தோர், சில வேளைகளில் முன்னாள் உரிமையாளர் ஆகியோரின் பெயர்களும் கிடைக்கின்றன. உரிமையாளர்களின் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் அடிமைகளின் பெயர்கள் உண்டு. படிக்க வேதனை தரும் ஏடுகள்தாம். ஆனாலும் ஒரு தாயையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டும் ஒரே சான்று சில குடும்பங்களுக்கு அதுவாகவே இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவரே என்று கொள்வதும் பரவலான தவறு. மனைவி, அண்டை வீட்டார், நிலம், தொழில் ஆகியவையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறாக, எழுத்துக்கூட்டல் வேறுபடுகிறது என்பதற்காகவோ, வயது இரண்டு மூன்று ஆண்டு தள்ளி நிற்கிறது என்பதற்காகவோ சரியான ஆளை ஒதுக்கிவிடவும் கூடாது. கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியவை அவை. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேறிகளைச் சோதித்த அதிகாரிகள்தாம் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையையும் நம்ப வேண்டாம். அந்தத் தீவின் குடியேற்ற நிலையம் 1892இல்தான் திறக்கப்பட்டது. அங்கிருந்தவர்களும் கப்பல் நிறுவனங்கள் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்தே சரிபார்த்தார்கள்.

ஊர் இன்று இருக்கும் மாநிலத்தில் மட்டும் தேடினால் போதாது. மேற்கு வர்ஜீனியா 1863 வரை வர்ஜீனியாவின் பகுதி. கவுண்டிகளும் பலமுறை பிரிக்கப்பட்டன. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி வாஷிங்டனில் 1921இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் அழிந்துபோனதால், 1880க்கும் 1900க்கும் இடையே காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. நியூயார்க் 1892இலும் கான்சஸ் 1895இலும் நடத்திய மாநிலக் கணக்கெடுப்புகளும் நகர முகவரி ஏடுகளும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

இணையத்தில் பிறர் வரைந்த கொடிவழியைச் சான்று பார்க்காமல் எடுத்தெழுதுவதைப் போலவே, ஆவணத்தைக் கண்டறிய உதவும் அட்டவணைக் குறிப்போடு நின்றுவிடுவதும் இழப்பைத் தரும். உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகப் போரிட்டவரின் ஓய்வூதிய அட்டையில் பெயரும் படைப்பிரிவும் எண்ணும் போன்ற சில விவரங்களே இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து முழுக் கோப்பையும் வரவழைத்தால், கைம்பெண் அளித்த திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறந்த நாள்கள், அண்டை வீட்டார் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் ஆகியவை கிடைக்க வாய்ப்புண்டு.