புதிய குற்றவியல் சட்டங்களுக்கு ஏற்ப வக்கீல் ஆபீஸ் படிவங்களை மாற்றுவது எப்படி?

2024 ஜூலை 1 முதல் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) போய் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியச் சட்டம் போய் பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) வந்துவிட்டது. ஆனாலும் பழைய வேர்டு ஃபைலைத் திறந்து, கட்சிக்காரர் பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுக்கும் பழக்கம் பல ஆபீஸ்களில் போகவில்லை. மனு ரிட்டர்ன் ஆவது அங்கேதான் தொடங்குகிறது.

1. வழக்குக் கட்டின் அட்டையில் இரண்டு தேதிகள்

குற்றம் நடந்த தேதி, எஃப்ஐஆர் பதிவான தேதி. இரண்டையும் பெரிதாக எழுதுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதை முதல் தேதி தீர்மானிக்கும்; நடைமுறைக்கு இரண்டாவதைப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் நடந்த மோசடிக்கு ஆகஸ்டில் எஃப்ஐஆர் போட்டால் குற்றப்பிரிவு ஐபிசி 420, ஜாமீன் மனுவோ பிஎன்எஸ்எஸ்ஸில். ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழைய சட்டப்படியே தொடரும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 531(2). அந்த வழக்கில் இப்போது போடும் புதிய மனு எந்தச் சட்டத்தில் என்பதில் உயர் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் உயர் நீதிமன்றம் சொன்னதைத் தேடிப் படித்துவிட்டு அடியுங்கள்.

2. ஃபைண்ட்-ரிப்ளேஸ் வேண்டவே வேண்டாம்

முன்ஜாமீனுக்குப் பழைய சிஆர்பிசியில் 438, இப்போது பிஎன்எஸ்எஸ்ஸில் 482. வழக்கை ரத்து செய்யக் கோரும் குவாஷ் மனுவுக்குப் பழைய 482, இப்போது 528. கம்ப்யூட்டரில் முதலில் 438-ஐ 482 ஆக்கி, அடுத்து 482-ஐ 528 ஆக்கினால், முன்ஜாமீன் மனு முழுக்க 528 என்று நிற்கும்! எண்ணைப் பார்த்து மாற்றாமல், மனுவின் பெயரைப் பார்த்து ஒவ்வொரு படிவமாக மாற்றுங்கள். ஜாமீன் 439-க்கு 483, தனிப்புகார் 200-க்கு 223, ஜீவனாம்சம் 125-க்கு 144.

குற்றப்பிரிவிலும் இதே வழுக்கல்தான். கொலை இப்போது பிஎன்எஸ் 103(1). கைப்பழக்கத்தில் பிஎன்எஸ் 302 என்று அடித்தால் அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு. 420-க்கு 318(4); பிஎன்எஸ்ஸில் மொத்தமே 358 பிரிவுகள்தான், 420 என்ற எண்ணே கிடையாது.

3. எண் மட்டும் மாறாத படிவங்கள்

எஃப்ஐஆர் போட உத்தரவு கேட்கும் மனு, அதாவது சிஆர்பிசியின் பழைய 156(3), இப்போது பிஎன்எஸ்எஸ் 175(3). முதலில் 173(4)-இன்படி எஸ்.பி.க்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்க வேண்டும். மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதையும் சேர்த்துத் தையுங்கள்.

அதிகம் கோட்டைவிடுவது மின்னணு ஆவணங்களுக்கான பழைய 65பி சான்றிதழில். அதன் இடத்தில் பிஎஸ்ஏ 63(4) இருக்கிறது. படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே உண்டு. பகுதி ‘அ’ ஆவணத்தைத் தருபவருக்கு, பகுதி ‘ஆ’ நிபுணருக்கு. ‘அ’ மட்டும் நிரப்பிக் கொடுப்பது அரைச் சான்றிதழ்தான். ஹாஷ் மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும். கட்சிக்காரர் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதிலிருந்து ஹாஷ் எடுத்தால், போனில் இருக்கும் அசலோடு ஒத்துப்போகாது; அனுப்பும்போதே அது ஃபைலைச் சுருக்கிவிடுகிறது. போனைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, கேபிளில் காப்பி எடுத்து, ஃபைலைத் திருத்தவோ மறுபடி சேவ் செய்யவோ செய்யாமல் ஹாஷ் எடுங்கள்.

4. டைரியில் புதிய கெடு

முன்பெல்லாம் டிஸ்சார்ஜ் மனுவுக்கு (குற்றச்சாட்டு வனையும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு) சட்டத்தில் நாள் கணக்கு கிடையாது. இப்போது 60 நாள். செஷன்ஸ் வழக்கில், மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பும் கமிட்டல் தேதியிலிருந்து (பிஎன்எஸ்எஸ் பிரிவு 250), போலீஸ் அறிக்கையின் பேரில் நடக்கும் வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம்) குற்றப்பத்திரிகை நகல் கொடுத்த தேதியிலிருந்து (பிரிவு 262). வாய்தா தேதியை மட்டும் குறிக்கும் டைரியில் இது அகப்படாது. நகல் வாங்கிய அன்றே குமாஸ்தா அந்தத் தேதியை எழுதி, 45-ஆம் நாள் பக்கத்தில் வழக்கு எண்ணைச் சிவப்பு மையில் குறித்துவைக்கட்டும்.