எழுதுறவங்களுக்கு ஒரு குட்டி ரெஃபரன்ஸ் லைப்ரரி: எதை வாங்கணும், எதை டவுன்லோட் பண்ணா போதும், எப்படித் தேடணும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், லிஸ்ட் பார்த்து புக் வாங்காதீங்க. அப்படி வாங்கினது எல்லாம் அலமாரில தூசி பிடிச்சு நிக்கும். எழுதும்போது எங்க முட்டி நிக்கறீங்களோ அதுக்குத் தகுந்த புக் மட்டும் போதும்.

1. சந்தேக நோட்டு

பக்கத்துல ஒரு நோட்டு, இல்லனா போன்ல ஒரு ஃபைல். "இங்க ப் வருமா வராதா", "கோயம்புத்தூர் பக்கம் இதுக்கு என்ன சொல்லுவாங்க", "1750 ஐப்பசி பௌர்ணமி இங்கிலீஷ் தேதில என்னைக்கு"ன்னு வர்ற கேள்வியை எல்லாம் அப்படியே குறிச்சு வைங்க, அந்த நேரத்துல பதில் தேடப் போகாதீங்க, போனா அன்னைக்கு எழுத்து அவ்ளோதான். ஒரு மாசம் கழிச்சு எந்த வகை கேள்வி அதிகமா இருக்குன்னு பாருங்க, அதுக்கான புக்தான் மொதல்ல.

2. காசு குடுத்து வாங்க வேண்டிய ஒண்ணு

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. மொதல் பதிப்பு 1992, அப்புறம் 2008, கடைசியா 2020ல வந்தது. வாங்கினா 2020 பதிப்பே வாங்குங்க. இன்னைக்கு நாம எழுதுற உரைநடைல இருந்து எடுத்த சொற்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்தோட இருக்கும், இலங்கை வழக்கும் தனியா குறிச்சிருப்பாங்க. ஒரு சொல்லோட அர்த்தத்தை விட, அது எந்த மாதிரி வாக்கியத்துல உக்காரும்ங்கறதுதான் எழுதுறவனுக்கு வேணும், அது இதுல கிடைக்கும். இது மட்டும் அச்சுப் புத்தகமாவே இருக்கட்டும்ங்கறது என் கட்சி, ஒரு சொல்லைத் தேடப் போய் பக்கத்துல இருக்கற நாலு சொல் கண்ணுல படும்ல, அது ஸ்க்ரீன்ல நடக்காது.

3. லெக்சிகன் (இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க, மெதுவா படிங்க)

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், அதாவது பழைய இலக்கியச் சொல் வரைக்கும் இருக்கற பெரிய அகராதி, 1924ல இருந்து 1936க்குள்ள 6 தொகுதி, அதுக்கு அப்புறம் ஒரு அனுபந்தம். பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. லட்சத்துக்கு மேல சொற்கள். இதை உடனே வாங்க வேண்டாம், சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய டிஜிட்டல் அகராதித் தளத்துல முழுசும் இலவசமா இருக்கு.

ஆனா தேடத் தெரியணும். "பிரிந்தான்"னு போட்டா ஒண்ணும் வராது. வினைச்சொல் எல்லாம் அடிச்சொல்லு, ஒரு கோடு, அப்புறம் தல் இல்லனா த்தல்னுதான் இருக்கும். பிரிந்தான்னா பிரி-தல், பிரித்தான்னா பிரி-த்தல், ரெண்டும் வேற வேற பதிவு, வேற வேற அர்த்தம். ஒண்ணைப் பார்த்துட்டு "இதுல இல்லையே"ன்னு மூடிடாதீங்க, கீழயே இன்னொண்ணு இருக்கும். வினைக்குப் பக்கத்துல ஒரு நம்பர் வேற இருக்கும், அது எத்தனாவது அர்த்தம்ங்கற நம்பர் இல்ல, காலத்துக்குத் தகுந்த மாதிரி அந்த வினை எப்படி மாறும்னு காட்டற வகுப்பு எண்.

அச்சுல பார்க்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல், வரிசை. ஆய்தம் மொதல்ல, அப்புறம் புள்ளி வச்ச எழுத்து, அதுக்குப் பின்னாடிதான் உயிர்மெய். அக்கா முன்னாடி, அகம் பின்னாடி.

இப்ப நான் அதிகம் யூஸ் பண்ற டிரிக். லெக்சிகன்ல தமிழோட இங்கிலீஷ்லயும் பொருள் இருக்கு. அதனால முழு உரைலயும் தேடற ஆப்ஷனை எடுத்துட்டு, ஏர், படகு, தறின்னு எதைப் பத்தி எழுதறீங்களோ அதுக்கான இங்கிலீஷ் வார்த்தையை அடிங்க. அந்தத் தொழில்ல புழங்கின தமிழ்ச் சொல் எல்லாம் வரிசையா கொட்டும். பாதி இன்னைக்கு வழக்குல இருக்காது, அதனால எடுத்த சொல்லை க்ரியால ஒரு தடவை பார்த்துட்டு போடுங்க.

4. ஒற்று (அதான், இங்க ப் வருமா வராதாங்கற கேள்வி)

எம்.ஏ. நுஃமானோட அடிப்படைத் தமிழ் இலக்கணம். இன்னைக்கு எழுதற தமிழை வச்சு விளக்கறதால நன்னூல் சூத்திரம் மனப்பாடம் பண்ணாதவங்களுக்கும் புரியும். அ.கி. பரந்தாமனாரோட 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' புக்கும் நல்லதுதான், ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும்னா என் ஓட்டு நுஃமானுக்கு.

5. ஊர்ப் பேச்சு

கரிசல் காட்டுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதி, கொங்குக்கு பெருமாள்முருகன் தொகுத்தது. அதுல இருந்து நாலு சொல்லை எடுத்துத் தூவினா வட்டார வழக்கு ஆயிடாது, அந்த ஊர்க்காரங்க பேசறதைக் காது குடுத்துக் கேட்டிருக்கணும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் எழுதறவங்க 'நூலகம்'ங்கற இலங்கைத் தமிழ் டிஜிட்டல் நூலகத் தளத்துல தோண்டுங்க, பழைய பத்திரிகைகள் எல்லாம் ஸ்கேனா கிடக்கு.

6. சரித்திரக் கதை ஆளுங்களுக்கு

அபிதான சிந்தாமணி (1910, ஆ. சிங்காரவேலு முதலியார்) புராணப் பாத்திரம், புலவர் பேருக்கெல்லாம் அருமை. ஆனா அதுல இருக்கற வரலாற்றுக் காலக்கணக்கை நம்பி எழுதிடாதீங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தேதிக்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையோட இந்தியன் எஃபிமெரிஸ் இருக்கு, கி.பி. 700ல இருந்து 1799 வரைக்கும் திதி, நட்சத்திரம் கணக்கு போட்டு வச்சிருக்கார் மனுஷன். அமாவாசை அன்னைக்கு ஹீரோவை நிலா வெளிச்சத்துல குதிரை ஓட்ட விடாம காப்பாத்தும்.

அப்டேட்: சிலர் கேட்டதால சேர்க்கறேன்.

நிகண்டு (செய்யுள்ல இருக்கற பழைய காலத்து அகராதி) வாங்கலாமா? சூடாமணி நிகண்டு 12 தொகுதி, தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம்னு பொருள் வாரியா பிரிச்சிருக்கும். ஒரே பொருளுக்கு வேற சொல் தேடறவங்களுக்கு, முக்கியமா மரபுக்கவிதை எழுதறவங்களுக்கு, நல்லா உதவும். செய்யுளா இருக்கறதால உரையோட இருக்கற பதிப்பா பாருங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலயே நிகண்டுகள் இருக்கு, பிடிச்சா அப்புறம் வாங்கிக்கலாம்.

டவுன்லோட் பண்ண பிடிஎஃப்ல பக்கம் காணோம்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. பழைய ஸ்கேன்ல இது சகஜம். எடுத்த உடனே மொதல் பக்கம், நடுப் பக்கம், கடைசிப் பக்கம் திறந்து பாருங்க, ஃபைல் பேரை நூல், தொகுதி, பதிப்பு வருஷம்னு தமிழ்லயே மாத்தி வைங்க. ரீபிரிண்ட் வாங்கறப்பவும் இதே செக்கிங்தான், நந்தனம் புத்தகக் கண்காட்சில 10 சதவீதம் கழிவு கிடைக்கும், கூட்டத்துல அவசரப்படாம ஸ்டால்லயே புரட்டிப் பார்த்துட்டு பில் போடுங்க.