கிரீஸ் பயணம்: கடலைக் கேட்காமல் போடும் திட்டங்கள்

கிரீஸுக்கு ஒரு வார விடுமுறை என்று முடிவானதும் பலரும் எழுதும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட், முடிந்தால் கோர்ஃபு. வரைபடத்தில் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அந்த நாட்டின் தீவுகளும் திட்டுகளும் சேர்த்துச் சுமார் 6,000. மக்கள் வாழ்பவை 227. அவற்றில் நான்கைப் பொறுக்கி எடுப்பது எளிது, நான்குக்கும் போய்ச் சேர்வதுதான் கடினம். அங்கே ஒரு விடுமுறை கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் கடலைக் கணக்கில் எடுக்காமல் நாட்களைப் பங்கு போட்டதுதான் காரணம் என்பேன்.

கோர்ஃபு மேற்கே அயோனியன் கடலில், அல்பேனியாவுக்கு எதிரே இருக்கிறது. சாண்டோரினி இருப்பது ஏஜியன் கடலில். இரண்டுக்கும் நடுவே கிரீஸின் பெருநிலம் முழுவதும் கிடக்கிறது. கப்பலில் நேராகப் போக வழியில்லை. ரோட்ஸ் தீவு துருக்கிக் கரையை ஒட்டியது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பல கப்பல்களில் 15 மணி நேரத்துக்கும் மேலாகும். எனவே முதல் பயணத்துக்கு ஒரே ஒரு தீவுக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டோரினியும் மிக்கோனோஸும் அடங்கிய சைக்லேட்ஸ் கூட்டத்தில் நக்ஸோஸிலிருந்து பாரோஸுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு இடமாற்றமும் பாதிப் பகலை விழுங்கிவிடும்: காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளுடன் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும், அடுத்த ஊரில் அறை கிடைக்கப் பிற்பகல் ஆகிவிடும். ஏழு நாள் என்றால் ஏதென்ஸும் இரண்டு தீவுகளும் போதும். மூன்றாவது தீவைச் சேர்த்தால், பார்த்த நேரத்தைவிடப் பெட்டி இழுத்த நேரமே மிஞ்சும்.

இனி காற்றைப் பற்றி. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு டிக்கெட் எடுப்பவர்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள். ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் பகுதியில் நிலவும் உயர் அழுத்தத்துக்கும் துருக்கி மேல் உருவாகும் தாழ்வழுத்தத்துக்கும் இடையில் பிறக்கும் இந்தக் காற்று, தொடங்கிவிட்டால் சில நாட்களுக்கு ஓயாமல் அடிக்கும். மழை இருக்காது, மேகம் இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே துறைமுகத்தில் கப்பல் நின்றுவிடும். பொதுவாகக் காற்று, அதன் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் கப்பல் புறப்படத் தடை வரும். சிறிய வேகக் கப்பல்களுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிடும்.

அதனால்தான் தீவிலிருந்து காலைக் கப்பலில் கிளம்பி, அன்றிரவே ஊருக்கு விமானம் ஏறும் திட்டம் மிக ஆபத்தானது. கப்பல் நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். தவறவிட்ட பன்னாட்டு விமானத்துக்கு அந்தக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. ஏதென்ஸைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காமல் கடைசியில் வையுங்கள். வந்திறங்கியதும் தீவுகளுக்குப் போய்விட்டு, கடைசி இரண்டு இரவுகளைத் தலைநகரில் கழியுங்கள். காற்று ஒரு நாளைத் தின்றாலும் விமானம் தப்பும்.

வேகக் கப்பலா, பெரிய சாதாரணக் கப்பலா என்பதிலும் பலர் நேரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு வேகக் கப்பல் ஐந்து மணி நேரம், சாதாரணக் கப்பல் ஏழரை, எட்டு மணி நேரம். முன்னதில் கட்டணம் கூடுதல், உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அலையில் குலுங்கும், வயிறு புரளும். பின்னதில் திறந்த மேல்தளம் உண்டு. ஒவ்வொரு தீவாக நெருங்கி வருவதை அங்கிருந்து பார்க்கலாம். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் தயங்காமல் பெரிய கப்பலையே எடுக்கலாம்.

டிக்கெட்டில் எந்தத் துறைமுகம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏதென்ஸுக்கு மூன்று துறைமுகங்கள் உண்டு. ஆண்ட்ரோஸ், டினோஸ், மிக்கோனோஸ் தீவுகளுக்கு ராஃபினாவிலிருந்தும் கப்பல் போகிறது. அது விமான நிலையத்துக்கு மிக அருகில். லாவ்ரியோவிலிருந்து கேயா, கித்னோஸ். மற்றபடி பிரேயஸ்தான். 2022 முதல் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் நேரே அங்கே போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் பிரேயஸ் மிகப் பெரியது. வாயில்களுக்கு இ1, இ2 என்று எண்கள் உண்டு. சில வாயில்களுக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியோடு நடந்து போவது நடக்காத காரியம். கப்பல் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும்.

எந்த மாதம் போவது? மே பிற்பகுதி, ஜூன், செப்டம்பர். செப்டம்பரில் கடல்நீர் கோடையின் வெப்பத்தை இன்னும் வைத்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள். கிரேக்கர்களே ஊருக்கும் தீவுக்கும் கிளம்பும் வாரம் அது. டினோஸ் தீவில் துறைமுகத்திலிருந்து மேட்டிலிருக்கும் மாதா கோவில் வரை பக்தர்கள் முழந்தாளிட்டே ஊர்ந்து செல்வார்கள். அதைக் காணவே போவதென்றால் பல மாதங்களுக்கு முன்பே இடம்பிடிக்க வேண்டும். ஈஸ்டரையும் கவனியுங்கள்: கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் நாட்காட்டியில் உள்ள நாளில் வராது. 2027-இல் அது மே 2. மேற்கத்திய ஈஸ்டரோ மார்ச் 28. குளிர்காலத்தில் சிறு தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும், கப்பல்களும் குறைவு.

சாண்டோரினியில் அறை பிடிப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. படங்களில் வரும் வெள்ளை வீடுகள் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பில், செங்குத்தான பாறையில் இருக்கின்றன. அங்கே பல விடுதிகளின் அறைகளுக்குப் படிகளில் மட்டுமே இறங்கிப் போக முடியும். முழங்கால் வலியுள்ள அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போனால், அந்தப் படிகளே அவர்களை அறையில் கட்டிப்போட்டுவிடும். முன்பதிவுக்கு முன் எத்தனை படிகள் என்று எழுதிக் கேளுங்கள். அந்த விளிம்பில் கடற்கரை கிடையாது. கறுப்பு மணல் கடற்கரைகளான கமாரியும் பெரிசாவும் தீவின் மறுபக்கத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் சாண்டோரினிக்கு இரண்டு இரவுகள், நக்ஸோஸுக்கு மூன்று இரவுகள் என்று பிரிப்பேன். நக்ஸோஸில் நீண்ட மணல் கரைகள் உண்டு, மலைக் கிராமங்கள் உண்டு, துறைமுகத்தருகே முடிக்கப்படாத கோவிலின் பெரிய பளிங்கு நிலைவாசல் தனியாக நிற்கிறது. வாடகையும் குறைவு.

கிரீட்டை மற்றத் தீவுகளோடு ஒட்டுப்போடாதீர்கள். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு அது. ஹெராக்லியனிலிருந்து ஹானியாவுக்கு மட்டுமே 140 கிலோமீட்டர். 16 கிலோமீட்டர் சமாரியா பள்ளத்தாக்கு நடை ஒரு கடலோரக் கிராமத்தில் முடிகிறது. அங்கிருந்து வெளியேறப் படகுதான் வழி. அந்தத் தீவுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

ஏதென்ஸில் பழங்காலக் கோவில்கள் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸுக்கு 2023 முதல் நேரம் குறித்த நுழைவுச்சீட்டுதான். ஒரு நாளைக்கு 20,000 பேர் வரை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து, காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள். கடும் வெப்ப அலை வந்தால் நண்பகலிலிருந்து மாலை வரை மூடிவிடுவதும் உண்டு. பல நூற்றாண்டுகளாகப் பாதங்கள் தேய்த்த பளிங்குத் தரை வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். கீழே உள்ள அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம். அதையும் விட்டுவிடாதீர்கள்: மேலே கோவில் இருக்கிறது, அதன் சிற்பங்களில் பல கீழேதான் இருக்கின்றன.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வருவதற்குள், பணம் திரும்பாத அறைகளைப் பதிவு செய்துவிட வேண்டாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு கார் எடுப்பதென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஹோட்டல் கட்டணத்துக்கு மேல் காலநிலைக் கட்டணம் ஒன்றும் உண்டு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஐந்து நட்சத்திர விடுதியில் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோ. பெரும்பாலும் அதை அங்கே போய்த்தான் செலுத்த வேண்டியிருக்கும்.

சைவ உணவு கிடைக்காது என்று அஞ்சி, பெட்டி நிறைய உணவுப் பொட்டலங்களை அடைத்துப் போகிறவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் நோன்பு நாட்கள் ஏராளம். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் காய்கறிச் சமையல் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உணவகத்தில் 'லதேரா' என்று கேளுங்கள்: ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு வேகவைத்த வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய் வரும். பெரிய வெள்ளை அவரை 'யிகாந்தேஸ்', மஞ்சள் பருப்பை மசித்த 'ஃபாவா', எலுமிச்சை பிழிந்த கீரையான 'ஹோர்தா' எல்லாம் சாதாரணக் கடைகளிலும் இருக்கும். அரிசி அடைத்த தக்காளியான 'யெமிஸ்தா'வில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். அதை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.