நேர இலக்கு வைத்து அரை மாரத்தான்: 12 வாரங்களில் தயாராவது எப்படி?

அரை மாரத்தான் என்றால் 21.0975 கிலோமீட்டர். அதை ஓடி முடித்தால் போதும் என்று நினைப்பவருக்குப் பொறுமை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்குக் கொஞ்சம் கணக்கும் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

நிற்காமல் 6, 7 கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிகிறவர்களுக்கான விளக்கம் இது. அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்றால், முதலில் நடையும் ஓட்டமும் கலந்து அங்கே வந்துவிடுங்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: இலக்கைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "இரண்டு மணி நேரம்" என்பது கேட்க அழகாக இருக்கிறது, நண்பர் ஒருவர் ஓடிவிட்டார், எனவே நமக்கும் அதுவே இலக்கு. உங்கள் காலுக்கு அந்த அழகான எண்ணைப் பற்றி எதுவும் தெரியாது.

சமதளமான பாதையில் ஒரு 10 கிலோமீட்டரை முழு முயற்சியோடு ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 2.2-ஆல் பெருக்குங்கள். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தின் சுருக்கம் இது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்று அதிகமாகும் என்பதுதான் அதன் சாரம்.

ஒருவர் 10 கிலோமீட்டரை 61 நிமிடத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் சுமார் 2 மணி 14 நிமிடம் வரும். ஆனால் நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு பலிக்கும். புதியவர்கள் இதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுக்கொள்வது நல்லது. ஆக, இவருடைய இலக்கு 2:20. அப்புறம் இரண்டாவது இலக்கு ஒன்றும் வேண்டும்: வெயிலோ வயிறோ சதி செய்தால் 2:25. இது தோல்விக்கான ஏற்பாடு இல்லை. ஒரே எண்ணை நம்பி ஓடுபவர், அது கைநழுவியதும் மிச்ச தூரம் முழுக்க நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

படி 2: நேரத்தை பேஸாக மாற்றுங்கள்

ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரமே பேஸ். 2:20 என்பது 8,400 விநாடி. அதை 21.0975-ஆல் வகுத்தால் 398 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 6:38. மற்ற சில இலக்குகள்:

2:00 – 5:41
2:15 – 6:24
2:30 – 7:07

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பந்தயப் பாதையை அளப்பவர்கள், ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பை ஒட்டிய மிகக் குறுகிய வழியைத்தான் அளக்கிறார்கள். நாம் அப்படி ஓடுவதில்லை. ஆட்களைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவின் வெளிப்புறமாக ஓடுகிறோம். ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்துகொள்ள, முடிவுக் கோட்டில் வாட்ச் 21.3 என்று காட்டுவது சர்வசாதாரணம். வாட்சில் சரியாக 6:38 வைத்து ஓடியவர் இந்தக் கூடுதல் தூரத்தால் 2:21-ஐத் தாண்டிவிடுவார். எனவே 8,400-ஐ 21.3-ஆல் வகுத்து, வாட்சுக்கான பேஸ் 6:34 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வாரத்துக்கு நான்கு ஓட்டம்

இரண்டு மெதுவான ஓட்டம், ஒரு வேக ஓட்டம், வார இறுதியில் ஒரு லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். மூன்று நாள் ஓய்வு.

மெதுவான ஓட்டம் என்றால் நிஜமாகவே மெதுவாக. 2:20 இலக்கு வைத்தவர் 7:30 முதல் 8:00 வரையிலான பேஸில் ஓட வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி. மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது என்றால் வேகம் அதிகம். இந்த நாட்களில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். எனக்குத் தெரிந்து இந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி இந்தப் பொறுமைதான். மெதுவான நாளிலும் வேகமாக ஓடுபவர் வேக நாளில் களைத்துப்போய் நிற்பார்.

லாங் ரன் தூரம் வாரவாரியாக, கிலோமீட்டரில்: 8, 10, 11, 8, 12, 14, 15, 10, 16, 18, 12, பந்தயம். நான்காவது, எட்டாவது வாரங்களில் தூரம் குறைவது உடம்பு தேறுவதற்காக. எட்டாவது வாரத்தின் 10 கிலோமீட்டரை மீண்டும் முழு முயற்சியோடு ஓடி, படி 1-இன் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். 59 நிமிடத்துக்கு இறங்கியிருந்தால் இலக்கையும் 2:15 என்று இறக்கலாம். 61-லேயே நின்றால் 2:20-ஐத் தொடவேண்டாம். பயிற்சியில் 18-க்கு மேல் ஓடத் தேவையில்லை, மிச்ச மூன்று கிலோமீட்டரைப் பந்தய நாள் பார்த்துக்கொள்ளும்.

படி 4: வேக நாளில் என்ன செய்வது?

முதல் நான்கு வாரம்: மெதுவாக ஓடி முடிக்கும்போது, 20 விநாடி விரைவு ஓட்டம் ஆறு முறை, நடுவில் ஒரு நிமிட நடை. அவ்வளவுதான்.

ஐந்து முதல் எட்டு வரை: டெம்போ. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, 15 முதல் 20 நிமிடம், இலக்கு பேஸைவிடக் கொஞ்சம் வேகமாக. கஷ்டமாக இருக்கும், ஆனால் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒன்பது முதல் பதினொன்று வரை இலக்கு பேஸ் மட்டுமே. முதல் வாரம் 2 கிலோமீட்டர் மூன்று முறை, அடுத்த வாரம் 4 கிலோமீட்டர் இரண்டு முறை, அதற்கடுத்த வாரம் தொடர்ந்து 5 கிலோமீட்டர். நடுவில் இரண்டு நிமிட நடை. இதன் நோக்கம் வேகம் இல்லை, 6:34 என்பது காலுக்கு எப்படி இருக்கும் என்று பழக்குவது. வாட்சைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு, பிறகு பாருங்கள். ஐந்து விநாடிக்குள் ஊகிக்க முடிந்தால் தயாராகிவிட்டீர்கள்.

தசை வலிப்பது இயல்பு. ஆனால் ஒரே இடத்தில் குத்தும் வலி, ஓட ஓடக் கூடும் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

படி 5: வயிற்றுக்கும் பயிற்சி

உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து இரண்டு மணி நேர ஓட்டத்தின் பின்பாதியில் தீரத் தொடங்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை உள்ளே போக வேண்டும். ஓட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே சாப்பிடும் மாவுச்சத்துப் பசைதான் ஜெல், சிறு பாக்கெட்டில் வரும். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். 2:20 ஓடுபவர் 40, 75, 110-ஆவது நிமிடங்களில் ஒவ்வொன்று எடுக்கலாம், தண்ணீரோடு. பசி எடுத்த பிறகு எடுத்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். லாங் ரன்களில் இதையெல்லாம் ஒத்திகை பாருங்கள், சில ஜெல்கள் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும்.

தண்ணீர் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலணி, காலுறை, உடை எதுவும் பந்தயத்தன்று புதிதாக இருக்கக் கூடாது.

படி 6: கடைசி வாரம்

ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள், மெதுவான ஓட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் இலக்கு பேஸ். கால் கனப்பதுபோலவும், முழங்கால் புதிதாக வலிப்பதுபோலவும் தோன்றும். பெரும்பாலும் அது மனசு செய்கிற வேலை. விட்ட பயிற்சியை இந்த வாரத்தில் ஈடுகட்ட முயலாதீர்கள்.

படி 7: பந்தயம்

முதல் மூன்று கிலோமீட்டரில்தான் இலக்கு தொலைகிறது. ஓய்வெடுத்த கால், கூட்டம், கைதட்டல். 6:00-இல் ஓடினால்கூட நடப்பதுபோல இருக்கும். அப்போது சேமித்த நிமிடத்தைப் பதினேழாவது கிலோமீட்டர் வட்டியோடு வசூலித்துவிடும். 2:20-க்கு நான் பரிந்துரைக்கும் திட்டம் இது, வாட்ச் காட்டும் 21.3 கிலோமீட்டர் கணக்கில்:

முதல் 3 கிலோமீட்டர்: 6:45
4 முதல் 15 வரை: 6:34
அங்கிருந்து முடிவு வரை: 6:29

தொடக்கத்தில் விட்டது சுமார் அரை நிமிடம். கடைசி ஆறு கிலோமீட்டரில் ஐந்தைந்து விநாடியாக அது திரும்பி வந்துவிடும். கணக்குப்படி முடிவு 2:19:54.

வாட்சில் அந்தந்த நொடியின் பேஸைப் பார்க்காதீர்கள், அது மேலும் கீழும் குதிக்கும். லாப் பேஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி பேஸைப் பாருங்கள். பாதையோரத் தூரப் பலகைகளைக் கடக்கும் நேரங்களையும் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: 5-இல் 33:40, 10-இல் 1:06:50, 15-இல் 1:40:00, 20-இல் 2:12:45. பலகைக்கு ஜிபிஎஸ் பிழை கிடையாது. ஒரு பலகையில் 20 விநாடி பின்தங்கியிருந்தால் அடுத்த கிலோமீட்டரிலேயே எட்டிப்பிடிக்கப் பார்க்க வேண்டாம், நான்கைந்து கிலோமீட்டருக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஈரப்பதமும் அதிகமான காலை என்றால் தொடக்கத்திலேயே இரண்டாவது இலக்குக்கு மாறிவிடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று மருத்துவ உதவி கேளுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். முடிவுப் பட்டியலில் பெரும்பாலும் இரண்டு நேரம் இருக்கும்: தொடக்க ஒலி எழுந்ததிலிருந்து ஓடுவது ஒன்று, தொடக்கக் கோட்டை நீங்கள் கடந்த கணத்திலிருந்து, நீங்கள் அணிந்திருக்கும் நேரம் பதியும் சிப் கணக்கிட்டது இன்னொன்று. பின்வரிசையில் நின்றவருக்கு இரண்டுக்கும் சில நிமிடம்கூட வித்தியாசம் வரும். சிப் நேரத்தையே உங்கள் நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.